உப்புக்காற்றும் பாவித்த ஸ்பீக்கரும்

பாவித்த மின்சாதனம் என்றாலே முகம் சுளிக்கிறவர்கள்கூட ஸ்பீக்கர் விஷயத்தில் கொஞ்சம் இளகிவிடுவதுண்டு. அதில் நியாயம் இருக்கிறது. பழைய கணினியில் புதிய மென்பொருள் ஓடாது. பழைய கைத்தொலைபேசிக்கு இன்றைய வலையமைப்பு எட்டாது. ஸ்பீக்கருக்கு அந்தச் சிக்கல் கிடையாது. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெலொக் என்ற இருவரும் 1925இல் வெளியிட்ட வடிவமே இன்றுவரை அடிப்படையாக நிற்கிறது. காந்தத்தின் குறுகிய இடைவெளிக்குள் ஒரு கம்பிக் கொயில், கொயிலோடு ஒட்டிய கூம்பு, கூம்பை நடுவில் பிடித்துவைக்கும் விளிம்பு, அவ்வளவுதான். ஐம்பது வருடத்துக்கு முந்திய நல்ல ஜோடியை நேற்று வாங்கிய அம்பிளிஃபயரில் இணைத்தாலும் பாடும். புதிதில் பல இலட்சம் பெறுமதியான பெட்டிகள் பத்து, இருபது வருடம் கழித்து அதன் ஒரு பங்கு விலைக்குக் கைமாறும்போது ஆசை வருவது இயல்பு. ஆனால் பொத்துவில் முதல் கல்முனை வரையான கரையோரத்தில் அந்த விலைச்சீட்டு சொல்வது பாதிக் கணக்கைத்தான். மீதியை எழுதுவது ஸ்பீக்கருக்குள் இருக்கும் நுரை, பசை, இரும்பு ஆகியவற்றின் இரசாயனமும், பழுதான பாகத்தை இங்கே யாரால் மாற்ற முடியும் என்ற கேள்வியும். இந்த இரண்டையும் பார்த்த பிறகுதான் எந்தப் பழைய ஸ்பீக்கர் மலிவு, எது விலைகூடியது என்று சொல்ல முடியும்.

முதலில் சாகிற பாகம் விளிம்பு. கூம்பின் வெளிச்சுற்றைச் சட்டத்தோடு இணைக்கும் அந்த வளையத்தை நம் ரேடியோக் கடைகளிலும் சரவுண்ட் என்றே சொல்கிறார்கள். எழுபதுகளிலிருந்து தொண்ணூறுகள் வரை ஏராளமான உயர்தர ஸ்பீக்கர்களில் இது பொலியூரித்தேன் நுரையால் செய்யப்பட்டது. பாரம் குறைவு, இழுவை இலகு, அதிர்வை நன்றாக அடக்கும் என்பதால் பொறியியலாளர்கள் அதை விரும்பினார்கள். சிக்கல் அதன் மூலக்கூறில். பொலியெஸ்டர் வகை நுரையின் சங்கிலியில் இருக்கும் எஸ்டர் பிணைப்புகளை நீராவி வெட்டிவிடும், இதுதான் நீர்ப்பகுப்பு. ஒவ்வொரு வெட்டிலும் கொஞ்சம் அமிலம் பிறக்கிறது. அந்த அமிலம் அடுத்த வெட்டை விரைவாக்குகிறது. அதனால்தான் பல வருடம் நன்றாக இருந்த நுரை கடைசி ஓரிரு வருடத்தில் சட்டென்று பிசுபிசுத்தோ மாவாகவோ உதிர்ந்துபோகிறது. பொலியீதர் வகைக்கு நீர் பெரிய எதிரியல்ல, ஒட்சிசனும் வெளிச்சமும்தான் எதிரி. எது எந்த வகை என்று வெளியே நின்று பார்த்துச் சொல்ல முடியாது. பாவிக்காமல் பெட்டிக்குள் வைத்திருந்தாலும் இரண்டுமே அழியும். “சும்மா வைத்திருந்தது, பாடவே இல்லை” என்று விற்பவர் சொன்னால், நுரையைப் பொறுத்தவரை அதில் ஆறுதல் எதுவும் இல்லை.

வயதையும் விலையையும் விட இந்தப் பொருளே முக்கியம் என்பதற்கு பிரித்தானியாவின் டனோய் நல்ல சாட்சி. அறுபதுகளின் கடைசியில் வந்த அதன் மொனிட்டர் கோல்ட் வரிசையின் பெரிய ஸ்பீக்கர்களில் நெளிவுகள் கொண்ட கெட்டி விளிம்பு இருந்தது. 1974இல் அதன் இடத்துக்கு வந்த எச்.பி.டி. வரிசை நுரைக்கு மாறியது. பிறகு நடந்தது என்னவென்றால், இளையது முதலில் அழுகியது. மூத்தது இன்னும் தன் முதல் விளிம்போடு பாடிக்கொண்டிருக்கிறது. இன்னோர் உதாரணம் 1968இல் அறிமுகமான போஸ் 901. ஒரு பெட்டிக்குள் ஒன்பது சிறிய ஸ்பீக்கர், ஜோடிக்குப் பதினெட்டு. பிந்திய தொடர்களில் இவற்றின் விளிம்பு நுரை. அழுகினால் பதினெட்டையும் கழற்றிச் சுரண்டி ஒட்ட வேண்டும். அதோடு முடியவில்லை. அந்த ஸ்பீக்கருக்கென்றே செய்யப்பட்ட ஈக்குவலைசர் பெட்டி கூடவே வராவிட்டால் ஓசை சப்பென்று இருக்கும். அமெரிக்கப் பாவனைக்குச் செய்ததாக இருந்தால் அந்தப் பெட்டிக்கு 120 வோல்ற் வேண்டும், நம் சுவரில் வருவது 230. பெயரைக் கேட்டு வாங்குகிறவருக்கும் உள்ளே பார்த்து வாங்குகிறவருக்கும் இடையில் எவ்வளவு பெரிய செலவு வித்தியாசம் இருக்கிறது என்பதை இந்த ஒரு மாடலே காட்டிவிடும்.

இனி நம் காற்றுக்கு வருவோம். கறியுப்பாகிய சோடியம் குளோரைட்டு, காற்றின் சார் ஈரப்பதன் சுமார் 75 வீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். கடலோரத்தில் மாரி காலம் முழுவதும், மற்றக் காலங்களில் பெரும்பாலான இரவுகளிலும் அந்த எல்லை தாண்டப்படுகிறது. கடலுப்பில் மக்னீசியம் குளோரைட்டும் கலந்திருக்கிறது. அதற்கு 33 வீத ஈரப்பதனே போதும். ஆகவே கடலிலிருந்து பறந்துவந்து ஓர் உலோகத்தில் படிந்த உப்பு ஏறக்குறைய எப்போதும் ஈரமாகவே இருக்கும். சோளகக் காலத்தில் மலைநாட்டைத் தாண்டிச் சூடாக வறண்டு வரும் கச்சான் அடிக்கும்போதுகூட அது முற்றாகக் காய்வது அரிது. இந்த ஈர உப்பு ஸ்பீக்கரில் மூன்று இடங்களைத் தேடிப் பிடிக்கிறது. ஒன்று, பின்னாலுள்ள இணைப்பு முனைகள். இரண்டு, அசையும் கூம்புக்கு மின்னோட்டத்தைக் கொண்டுபோகும் பின்னல் கம்பி. மெல்லிய செம்பு இழைகள் பச்சை பிடித்து ஒவ்வொன்றாக அறுந்துவிடும். மூன்றாவதுதான் ஆபத்தானது: கொயில் அசையும் காந்த இடைவெளி. ஃபெரைட் காந்தம் ஏற்கனவே ஓர் இரும்பு ஒட்சைட்டு என்பதால் அதற்குக் கறள் பயம் இல்லை. ஆனால் காந்தப் புலத்தை இடைவெளிக்குக் கொண்டுவரும் தட்டும் நடுத்தண்டும் மென்னிரும்பு. கொயிலுக்கும் இரும்புக்கும் இடையில் விடப்பட்டிருப்பது ஒரு மில்லிமீற்றரின் சிறு பங்கு. கறள், தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தைப் பிடிக்கும். அது இடைவெளிக்குள் பொருமினால் கொயில் உரசத் தொடங்கும். உரசிய கொயிலில் பூச்சு போகும், பூச்சு போனால் சுற்றுகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளும். அதன் பிறகு மாற்ற வேண்டியது விளிம்பை அல்ல, கூம்பும் கொயிலும் சேர்ந்த முழுப் பகுதியையும்.

பெட்டியின் வகையும் இங்கே கணக்குக்கு வருகிறது. முன்னாலோ பின்னாலோ குழாய் வைத்த பெட்டி ஒவ்வோர் அடிநாதத்துக்கும் வெளிக்காற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். காந்தத்தின் பின்புறமும், மேல்நாதத்தையும் அடிநாதத்தையும் பிரித்து அனுப்பும் குறோஸ்ஓவர் பலகையும் கடற்காற்றைக் குடித்துக்கொண்டே இருக்கும். முழுதாக மூடிய பெட்டிக்குள் அந்தப் போக்குவரத்து மிகக் குறைவு. குழாய்க்கு வேறு விருந்தாளிகளும் உண்டு: சில மாதம் பாவிக்காமல் விட்டால் குளவி மண்கூடு கட்டிவிடும், பல்லி முட்டையிடும். சிரிப்புக்குரிய விஷயம்போலத் தோன்றினாலும், குழாயின் நீளமும் குறுக்களவும்தான் பெட்டியின் தாழ்ந்த ஓசையை நிர்ணயிப்பவை. அதில் மண் அடைத்தால் அந்தக் கணக்கு முழுவதும் பிழைக்கும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை மாரியில் ஊதி, கச்சானில் சுருங்கி, மூலைகளில் பிளக்கும். மேலே ஒட்டிய வினியர் எழும்பும். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் பெட்டி வாங்கக் கூடாது, ஏனெனில் ஈரத் தரையில் நின்ற தடயம் அங்கேதான் இருக்கும்.

இதற்கு வரும் முதல் மறுப்பு பழக்கமானது: அந்தக் காலத்துச் சாமான் கெட்டி, நாற்பது வருடம் நின்றது இன்னும் நாற்பது நிற்கும். இதில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. செத்துப்போன ஸ்பீக்கர்கள் விற்பனைக்கு வருவதில்லை. நாம் காண்பது தப்பியவற்றை மட்டும். அவற்றை வைத்து அந்தக் காலத்து உற்பத்தி முழுவதையும் அளப்பது தவறு. அதைவிட முக்கியமானது, அவை எங்கே நாற்பது வருடம் நின்றன என்பது. ஜேர்மனியிலோ ஜப்பானிலோ ஒரு வீட்டின் உள்ளறையில் 20 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் இருந்த பெட்டி, இங்கே 30 பாகைக்கு வருகிறது. பல இரசாயனத் தாக்கங்கள் பத்துப் பாகைக்கு ஏறக்குறைய இருமடங்கு விரைவடையும் என்பது பாடசாலையிலேயே சொல்லித்தரும் பருமட்டான விதி. அதன்மேல் ஈரமும் உப்பும். அங்கே இன்னும் பத்து வருடம் தாங்கக்கூடிய நுரை இங்கே அதில் பாதியாவது தாங்குமா என்பதே சந்தேகம். கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வரும் சாமானின் பழைய ஆயுளை அப்படியே இங்கே கொண்டுவந்து கணக்குப் போட முடியாது.

எல்லாப் பழுதுக்கும் பயப்பட வேண்டியதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். குறோஸ்ஓவரில் இருக்கும் கபாசிட்டர்களைப் பற்றி ஆர்வலர்கள் போடும் சத்தம் விஷயத்துக்கு மிஞ்சியது. இலத்திரன் பகுதிகளில் அதிகம் மூப்படைவது மின்பகு திரவம் கொண்ட வகை. இறப்பர் மூடி வழியாகத் திரவம் மெல்ல ஆவியாகி உள்தடை கூடும், மேல்நாதம் மங்கும். ஆனால் ஸ்பீக்கர் பெட்டிக்குள் மின்வழங்கியில் இருப்பதுபோன்ற சூடு கிடையாது, அதனால் மெதுவாகவே மூப்படையும். மாற்றவேண்டி வந்தாலும் பெறுமானம் உடலிலேயே எழுதியிருக்கும். ஈயம் ஒட்டத் தெரிந்த எவரும் ஒரு பின்னேரத்தில் முடித்துவிடுவார். பொலிப்புரொப்பிலீன் படல வகையை ஒருமுறை போட்டுவிட்டால் பிறகு அதைத் திறந்துபார்க்க வேண்டிய தேவை அநேகமாக வராது. மேல்நாதத்தைப் பாடும் டுவீட்டருக்குள் ஊற்றியிருக்கும் ஃபெரோஃபுளூயிட் என்ற காந்தத் திரவமும் அப்படித்தான். 1963இல் நாசாவில் ஸ்டீவ் பபெல் ரொக்கெட் எரிபொருளுக்காக உருவாக்கிய இது, பிற்பாடு டுவீட்டர் கொயிலின் சூட்டை வெளியேற்றவும் அதன் அதிர்வை அடக்கவும் பயன்பட்டது. வருடக்கணக்கில் எண்ணெய் வற்றிக் கூழாகும். துடைத்துவிட்டுப் புதிதாக விட்டால் சரி. அடிநாதத்தைப் பாடும் வூஃபரின் கனத்த கூம்பு பல வருடத்தில் தன் பாரத்தாலேயே கீழே தொய்வதுண்டு. கழற்றித் தலைகீழாகத் திருப்பிப் பூட்டினால் தொய்வு தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். செலவு நான்கு ஆணி கழற்றும் நேரம்தான்.

மாறாக, சில வகைகள் எவ்வளவு அழகாகப் பாடினாலும் இந்தக் கரைக்கு ஒவ்வாதவை. 1957இல் பிரித்தானியாவின் குவாட் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த மின்நிலை ஸ்பீக்கர் ஒலியியல் வரலாற்றில் ஓர் அருமையான சாதனை. கொயிலும் இல்லை, கூம்பும் இல்லை. துளையிட்ட தகடுகளுக்கு நடுவில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம், அதில் பல ஆயிரம் வோல்ற் மின்னேற்றம். அந்த மின்னேற்றம் கசியாமல் நிற்பதில்தான் ஓசையின் உயிர் இருக்கிறது. தூசியும் ஈர உப்பும் படிந்த படலத்தில் அது நிற்காது. ஓசை குறையும், பிறகு உள்ளே பொறி பறந்து படலம் துளைபடும். காப்பறையும் குளிரூட்டியும் இல்லாத கடலோர வீட்டில் இதை வைத்திருப்பது வருடாந்தச் செலவுக்குக் கையெழுத்துப் போடுவதுதான். யமஹா 1974இல் வெளியிட்ட என்.எஸ்.1000எம் வேறொரு விதமான பொறி. அதன் நடுநாதக் குவிமாடமும் மேல்நாதக் குவிமாடமும் பெரிலியம் உலோகம். ஒரு பிள்ளையின் விரல் பட்டு உடைந்தால் அதற்கு ஈடாக இங்கே யாரும் ஒன்றைச் செய்துதர முடியாது. உடைந்த தூள் சுவாசத்துக்குள் போவதும் நஞ்சு. நியோடிமியம் காந்தம் வைத்த பிந்திய காலத்து டுவீட்டர்களிலும் ஒரு விஷயம் பார்க்க வேண்டும்: அந்தக் காந்தத்தின் நிக்கல் பூச்சில் கீறல் விழுந்தால் உப்புக்காற்றில் அது உதிரும். ஃபெரைட் கனமானது, பழசானது, ஆனால் கடலுக்குப் பயப்படாதது.

இப்போது பணக்கணக்கு. பாகம் வெளிநாட்டிலிருந்து வருவதாக இருந்தால் அதன் விலையை நிர்ணயிப்பது ஸ்பீக்கரின் தரத்தோடு டொலரும்தான். 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாயை ஒட்டி இருந்தது. அந்த மே மாதத்துக்குள் 360 ரூபாயை எட்டியது. நூறு டொலர் கொயில் ஒன்று 20,000 ரூபாயிலிருந்து 36,000 ஆக, பாகத்தில் எந்த மாற்றமும் இல்லாமலே. கூடவே தபால், சுங்கத் தீர்வை. பெட்டியையே கொழும்புக்கு அனுப்பித் திருத்தலாம் என்றால் ஏ4 வீதியில் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல், முப்பது கிலோ எடையுள்ள, குலுங்கக் கூடாத ஒரு ஜோடியை ஏற்றி இறக்கும் செலவு. அதுவும் இரண்டு முறை. ஆகவே பாவித்த ஸ்பீக்கரின் உண்மையான விலை என்பது கேட்ட விலை, உடனே செய்ய வேண்டிய திருத்தம், அடுத்த பத்து வருடத்தில் நிச்சயம் வரப்போகும் ஒரு திருத்தம் ஆகிய மூன்றின் கூட்டுத்தொகை. மூன்றாவதைப் போட்டுப் பார்க்காமல் “அரைவிலைக்குக் கிடைத்தது” என்று சந்தோஷப்படுவதில் அர்த்தமில்லை.

இங்கே இரண்டாவது மறுப்பு எழும். நம் ஊர்களில் கல்யாண வீட்டுக்கும் கந்தூரிக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர்கள் கூம்பு மாற்றுவதில் கைதேர்ந்தவர்களாயிற்றே, அவர்களிடம் கொடுத்தால் ஆகாதா? பாதி ஆகும். மேடை ஸ்பீக்கர்களுக்குக் கொயிலும் கூம்பும் பொதிகளாகவே கிடைக்கின்றன. கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் வாங்கலாம். ஆனால் வீட்டு உயர்தர ஸ்பீக்கர் ஒரு குறிப்பிட்ட பெட்டிக்கென்று கணக்கிட்டுச் செய்தது. அவுஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இலும் அவரைத் தொடர்ந்து எழுபதுகளில் ரிச்சர்ட் ஸ்மோலும் வகுத்த கணக்கு இதுதான்: கூம்பின் நிறை, விளிம்பின் இழுவை, காந்தத்தின் வலு, பெட்டியின் கனவளவு நான்கும் சேர்ந்தே தாழ்ந்த மீடிறன் எதுவரை இறங்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன. கிடைத்த கூம்பை ஒட்டினால் சத்தம் வரும், அந்த ஸ்பீக்கர் வராது. ஆனால் அசல் கூம்பையும் கொயிலையும் அப்படியே வைத்துக்கொண்டு விளிம்பை மட்டும் ஒத்த அளவில் மாற்றுவது வேறு வேலை. கொயிலை இடைவெளியின் நடுவில் நிறுத்தி ஒட்டும் பொறுமை உள்ளவர் செய்தால் ஓசை ஏறக்குறைய முழுதாகத் திரும்பிவரும். “அசல் விளிம்பு போனால் எல்லாம் போச்சு” என்ற சேகரிப்பாளர்களின் புலம்பலை நான் ஏற்கவில்லை. அதிலும் மூடிய பெட்டிக்கு ஒரு சலுகை உண்டு. எட்கர் வில்ச்சர் 1954இல் காட்டியபடி, சிறிய மூடிய பெட்டியில் கூம்பைப் பின்னுக்கு இழுக்கும் சுருள்வில்லாக வேலைசெய்வது பெரும்பாலும் உள்ளே அடைபட்ட காற்றுத்தான். புதிய விளிம்பு சற்றுக் கெட்டியாகவோ தளர்வாகவோ அமைந்தாலும் ஓசை அதிகம் மாறாது. குழாய்ப் பெட்டி அந்த அளவு மன்னிக்காது. உப்பை வெளியே நிறுத்துவதிலும் திருத்தத்தைத் தாங்குவதிலும் மூடிய பெட்டியே நமக்கு உகந்தது.

மூன்றாவது மறுப்பு காதை நம்புகிறவர்களுடையது: இப்போது நன்றாகத்தானே பாடுகிறது? காது ஒப்பிடுவதில் கெட்டி, நினைவு வைப்பதில் பலவீனம். பத்து வருடத்தில் மெல்ல மங்கிய மேல்நாதத்தைச் சொந்தக்காரரே உணர்ந்திருக்கமாட்டார். ஆகவே இடது வலது இரண்டையும் தனித்தனியே ஒரே இடத்தில் வைத்து மாறிமாறிக் கேட்க வேண்டும்; வித்தியாசம் இருந்தால் ஒன்றாவது பழுது. அதற்கு வெளிநாட்டுச் சோதனைத் தட்டு எதுவும் தேவையில்லை. நாகூர் ஹனிபாவின் கனத்த குரலை மிதமான சத்தத்தில் விட்டால், உரசும் கொயில் அந்தக் குரலின் அடியில் ஒரு கரகரப்பைச் சேர்த்துக் காட்டிக்கொடுக்கும். றபான் ஒலி விளிம்பில் ஓட்டை இருந்தால் புஸ் என்ற காற்றுச் சத்தத்தோடு வரும். வலையைக் கழற்றி, விற்பவரின் சம்மதத்தோடு விளிம்பை விரல் நுனியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள்: ஒட்டினாலும் தூள் வந்தாலும் வளைந்த இடம் எழும்பாவிட்டாலும் அதன் காலம் முடிந்தது. கூம்பை இரு பக்கமும் சமமாக அழுத்தி விடும்போது சுரண்டும் சத்தம் கேட்கக் கூடாது. மல்டிமீட்டர் ஒன்றையும் கொண்டுபோங்கள். 8 ஓம் என்று எழுதிய வூஃபர் சுமார் ஐந்தரை முதல் ஏழு வரை காட்டினால் இயல்பு. ஓர் எச்சரிக்கை: பெட்டியின் பின்முனையில் அளந்தால் தெரிவது வூஃபர் மட்டுமே. டுவீட்டருக்கு முன்னால் நிற்கும் கபாசிட்டர் நேர்மின்னோட்டத்தை விடாது என்பதால், டுவீட்டர் செத்திருந்தாலும் மீட்டர் ஒன்றும் சொல்லாது. காதை அருகில் வைத்துக் கேட்க வேண்டும், அல்லது கழற்றி அளக்க வேண்டும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, புதிதாகவே ஒன்றை வாங்கிவிடலாமே என்பது கடைசி மறுப்பு. புதிதாக இன்று கடைகளில் நிறைந்திருப்பவை உள்ளேயே அம்பிளிஃபயரும் புளூடூத்தும் பற்றரியும் வைத்தவை. அந்த மின்சுற்றுப் பலகையும் இதே உப்புக்காற்றைத்தான் சுவாசிக்கும். ஏழெட்டு வருடத்தில் அது செத்தால் மாற்றுப் பலகை கிடைக்காது. நல்ல கூம்பும் காந்தமும் பெட்டியும் சேர்ந்தே குப்பைக்குப் போகும். பாகம் பாகமாகக் கழற்றித் திருத்தக்கூடிய பழைய ஸ்பீக்கர், சரியாகத் தெரிந்தெடுத்தால், இந்தக் கரையில் அதைவிட நீண்டகாலம் வாழும். வாங்கிய பின் ஜன்னலோரத்திலும் கடலைப் பார்த்த சுவரிலும் வைக்காமல், வலையைக் கழற்றாமல், குழாய் வாயில் மெல்லிய நெட் கட்டி, கிழமைக்கு ஒருமுறையாவது பாடவைத்தால் போதும். நுரையிலோ இறப்பரிலோ எண்ணெய் எதையும் பூசவேண்டாம்.

அறுகம்பேயில் விருந்தினர் விடுதி நடத்துகிறவரோ, சாய்ந்தமருதில் வீட்டு முன்கூடத்துக்குத் தேடுகிறவரோ என் தீர்ப்பைக் கேட்டால் இதுதான். இறப்பர் அல்லது துணி விளிம்பும் ஃபெரைட் காந்தமும் துணிக் குவிமாட டுவீட்டரும் கொண்ட மூடிய பெட்டி கிடைத்தால் விலையைக் கொஞ்சம் கூட்டியும் வாங்குங்கள். நுரை விளிம்பு என்றால், இன்று நன்றாக இருந்தாலும் அழுகிவிட்டதாகவே எண்ணி, திருத்தும் செலவைக் கழித்துவிட்டு விலை பேசுங்கள். உரசும் கொயிலுக்கு மாற்று எங்கே கிடைக்கும் என்று விற்பவராலும் சொல்ல முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். மின்நிலை ஸ்பீக்கரை இனாமாகத் தந்தாலும் ஏற்க வேண்டாம்.